குழாய் இல்லாத ஊர்

தண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்றான் அன்செல்மோ.
பத்து நாள். உன் காதுக்கும் விடுமுறை.
சரி என்றேன்.

மொந்தெவிதேயோவின் நடைபாதைகளுக்கு அடியில்
எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று
இரவு இரண்டு மணிக்கு இரும்புத் தண்டை ஊன்றி
அதன் தலையில் காது வைத்துக் கேட்பது என் வேலை.
பத்தொன்பது வருடமாக.
நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டன.
குடித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் மட்டும் நின்று விசாரிப்பார்கள்:
அம்மணி, பூமிக்கு என்ன, காய்ச்சலா?

மணல்மேடுகளைத் தாண்டி லாரி எங்களை இறக்கிவிட்ட
கபோ பொலோனியோவில் மின்கம்பி இல்லை.
குழாயும் இல்லை.
ஒரு கிணறு, ஒரு மழைத்தொட்டி, ஒரு வாளி.
அன்செல்மோ யோசித்துத்தான் இடம் பார்த்திருக்கிறான்,
குடிகாரனைச் சாராயக்கடை இல்லாத ஊருக்குக்
கூட்டிவருவதுபோல.

முதல் மூன்று நாள்
சுவர் சுவராகக் காதை வைத்தேன். பழக்கதோஷம்.
மரச்சுவர். உள்ளே கரையான்கூட இல்லை.
கடல் மட்டும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.
இத்தனை பெரிய ஒழுகல்,
ஒருவரும் புகார் எழுதவில்லை.

பாறைமேல் கடற்சிங்கங்கள்
வாடகை பாக்கி வைத்தவர்கள்போல
இரவெல்லாம் ஒன்றையொன்று ஏசின.
கலங்கரை விளக்கம் வந்து வந்து
தலையணையைத் தொட்டுவிட்டுப் போனது.
அது வேலையில் இருக்கிறது என்று நினைத்தேன்.
பொறாமையாக இருந்தது.

சும்மா இரேன் என்றான்.
சும்மாதான் இருந்தேன். மூச்சு முட்டியது.
மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றி ஊற்றி
இலை வெளுத்துப்போனது.
என் பாதையில் இப்போது புதுப் பையன் வில்மார் நடப்பான்,
சான் ஃபெர்மின் தெரு வளைவை அவசரமாகத் தாண்டிவிடுவான்.
அங்கே டிரான்ஸ்பார்மரின் இரைச்சலும் தண்ணீரின் இரைச்சலும்
அண்ணன் தம்பி.
நின்று கேட்டால்தான் இது வேறு, அது வேறு.
அவனிடம் சொல்லலாமென்றால்
போனில் உயிர் இல்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ,
மெழுகுவத்தி வெளிச்சத்தில் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தோம்.
பல்கலைக்கழகப் படிவத்தை எப்போது கொடுக்கவேண்டும்
என்று ரொமினாவைக் கேட்டான் அவள் அப்பா.
மார்ச்சில், என்றாள் மகள்.
அவ்வளவுதான்.
அந்தச் சொல்லுக்கு அடியில்
நூல் கனத்தில் ஒரு ஸ்ஸ்ஸ்.

எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்.
தெருக்களில் தெரியும்.
என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
இந்த நேரத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை.

நான் எதுவும் கேட்கவில்லை.
கேள்வி கேட்டால் எதுவும் கேட்காது,
எங்கள் தொழிலில் அப்படி.
தட்டுகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.
அவளும் பின்னால் வந்தாள்.
நான் மணல் போட்டுத் தேய்க்க, அவள் நீர் ஊற்றினாள்.
மூன்று தட்டு, ஒரு சட்டி.
தட்டுகள் முடிந்தன.
சட்டியை நான் முடிக்கவில்லை.
தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.
விளக்கு எங்களைக் கடந்தது.
கடந்தது.
கடற்சிங்கங்கள்கூடச் சற்று ஓய்ந்தன.
எத்தனையாவது சுற்றிலோ
அவள் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன்.
அது அவளுடைய தண்ணீர்.

ஈரம் தெரிந்த இடத்தை அன்றிரவே தோண்டக்கூடாது,
சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு நகர்,
விடியட்டும் என்பது அலுவலக விதி.
என்னிடம் சாக்பீஸ் இல்லை.
மீன் எண்ணெயும் மணலும் ஒட்டிய கையை
அவள் தோளில் வைத்தேன்.
வெள்ளைச் சட்டை. அப்படியே அச்சு விழுந்தது.
ஐயோ அம்மா, என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.
நகரவில்லை.

உள்ளே போனதும் அன்செல்மோ கேட்டான்:
மூன்று தட்டுக்கா இவ்வளவு நேரம்?

சட்டி அடிபிடித்திருந்தது, என்றேன்.